கையால் எழுதிய எல்லை

"அந்த பிளக்குல என் சார்ஜர் இருந்துது. யாரு புடுங்குனது?"

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியிலிருந்த பிரவுசிங் சென்டரில், மழைக்கு ஒதுங்கியவர்களும் மின்சாரம் போனதால் வந்தவர்களும் நெருக்கியடித்து நின்ற மாலை அது. இன்வெர்ட்டரின் தயவில் உயிரோடிருந்தது ஒரே ஒரு பிளக். அதற்கு உரிமை கோரி, நனைந்த துப்பட்டாவும் நெருப்புக் கண்களுமாக நின்றாள் ஜெயக்கொடி.

"நான்தாங்க. நீங்க டீ குடிக்கப் போய்ட்டீங்க. எனக்கு பத்து பர்சன்ட்தான் இருக்குது."

"எனக்கு நாலு! போட்டி வச்சிக்கலாமா?"

பிளக்கை ஒட்டி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். மழையைத் தேக்கிய மேகம்போல் கறுத்து, குளிர்ந்த கண்கள்… அவள் அவற்றைப் பார்க்கவில்லை என்றால் அது பொய். பார்த்தாள். ஆனால் மறுகணமே பார்வை அவன் மடிக்கணினித் திரைக்குத் தாவி, அங்கேயே நிலைத்தது. திரையில் இருந்தவை அவள் எழுதிய நிரல் வரிகள்!

இணைய உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்குவது எஞ்சின் எனும் பெருநிரல். அவள் பங்களித்த எஞ்சினின் மூலநிரல் எவருக்கும் திறந்திருப்பது. எந்த ஊரிலிருந்தும் திருத்தம் அனுப்பலாம். பட்டியலுக்கு ஒரு வகை, தேதிக்கு ஒரு வகை… ஒவ்வொன்றுக்கும் தாய்வகை எது, அதனுள் அடங்குபவை எவை என்று ஒரு கோப்பில் வரையறுத்திருப்பார்கள். இவற்றுக்கெல்லாம் தாய்வகை, ஆப்ஜெக்ட். கால இடைவெளியைச் சுமக்கும் புதிய வகையொன்றை வரையறுத்து, செஞ்சியை அடுத்த சிங்கவரத்து வீட்டிலிருந்தே அனுப்பியிருந்தாள் ஜெயக்கொடி. 'சோதனையில் தோற்கிறது. இது ஆப்ஜெக்ட்டே அல்ல' என ஒரே வரியில் திருப்பியடித்தவர், திருத்தங்களைச் சரிபார்க்கும் பி. ராவ். யாரோ ஐதராபாத்துக்காரர் என்றெண்ணி, ஒரு வாரமாக அவரை மனத்துக்குள் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா… பி. ராவ்?"

"பீமாராவ். வல்லம்."

"வல்லமா! இத்தினி நாளா உங்கள ஐதராபாத்ல வச்சி திட்டிகினு இருந்தேன்!"

"இனிமே பக்கத்துலயே திட்டலாம்ங்க. சவுரியம்தானே?"

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு, அவன் எதிரே அமர்ந்தாள்.

"தாய்வகை இன்னான்னு தெளிவா எழுதியிருக்கேன். அப்புறம் எப்படி ஆப்ஜெக்ட் இல்லன்றீங்க?"

"நான் சொல்லலீங்க. எஞ்சின் ஒத்துக்கல."

அவள் விடவில்லை; கோப்பு கோப்பாகத் திறந்தாள். எஞ்சின் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் தருகிறது. ஒரு தாய்வகையின் பிள்ளைகளுக்கெல்லாம் அடுத்தடுத்த எண்கள். 'இது ஆப்ஜெக்ட்டா?' என்ற கேள்விக்கு, அதன் எண், முதல் எல்லைக்கும் கடைசி எல்லைக்கும் நடுவே இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். அந்தச் சோதனையை எழுதியவன் பீமாராவ். கடைசி எல்லையை வரையறைக் கோப்பிலிருந்து எடுக்காமல், அன்றைக்கு இருந்த எண்ணைக் கையாலேயே எழுதிவைத்திருந்தான். பிறகு பிறந்த அவளது வகை, தாய்வீட்டு வாசலுக்கு வெளியே நின்றது.

"இன்னா சார் இது? எல்லைய நீங்களே கையால எழுதி வச்சிட்டு, புதுசா வர்றவங்கள வெளிய நிக்க சொல்றீங்க?"

அவன் முகம் சட்டென்று வாடியது.

"தப்பு என்னுதுதாங்க… இதையே வேற எவனாவது செஞ்சிருந்தா சண்டைக்கு நின்னுருப்பேன்."

பிளக்கை அவளுக்கே விட்டுக்கொடுத்தான். இருவருமாக எல்லையைத் திருத்தினார்கள். சோதனை பச்சை காட்டியது. வெளியே மழை நிற்கவில்லை என்பதில் இருவருக்குமே வருத்தமில்லை…

அதன்பின் மின்சாரம் இருந்த நாளிலும் அவர்கள் அங்கே வந்தார்கள்.

ஒரு மாலை, பேருந்துக்குக் காத்திருக்கையில் அவள் கேட்டாள்: "வல்லத்துல எந்தத் தெரு?"

அவன் கண்கள் தாழவில்லை. "காலனி."

அவள் நெஞ்சில் தந்தையின் குரல் கேட்டது. எவர் வந்தாலும் பெயருக்கு முன் தெருவைக் கேட்கும் குரல்… வாய் அடைத்தது. அந்த மௌனத்தை விடையென்றே கொண்டான் பீமாராவ்.

"புரியுதுங்க," என்று பேருந்தில் ஏறினான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

எண்ணைப் பார்த்து உறவை முடிவுசெய்யும் எஞ்சினைத் திருத்த ஒரு மாலை போதும். தெருவைப் பார்த்து முடிவுசெய்யும் ஊரைத் திருத்த, யாரேனும் ஒருவர் முதலில் வாய் திறந்தாக வேண்டும்! ஜெயக்கொடி திறந்தாள். களத்தில் வேர்க்கடலையைக் கிளறிக்கொண்டிருந்த தந்தை அரிகிருஷ்ணன் முன் போய் நின்றாள்.

"நைனா, எனக்கு ஒருத்தர புடிச்சிருக்குது. வல்லம்."

"எந்தத் தெரு?"

"காலனி."

கடலை கிளறிய கை நின்றது. "இந்தப் பேச்சு இனிமே இந்த வூட்ல வரக்கூடாது."

"வரும் நைனா. தெனமும் வரும்."

அன்று பட்டப்பகலில் வல்லத்தில் இறங்கினாள். டீக்கடையில் ஊரே கேட்கும் குரலில் வழி கேட்டாள். வாசலில் அவளைக் கண்டதும் பீமாராவ் திகைத்து எழுந்தான்.

"இங்க… எப்படி?"

"தெருவ கேட்டேன்ல? வர்றதுக்குத்தான் கேட்டேன்."

"அன்னிக்கி பேசாம நின்னீங்களே."

"பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன்… நைனாகிட்ட சொல்லிட்டேன். அவரு ஒத்துக்கல."

"அப்போ?"

"ஒத்துக்கற வரைக்கும் சொல்லுவேன். அதுக்கு மேலயும் ஒத்துக்கலன்னா, நானே முடிவு பண்ணுவேன். எல்லைய எழுதுனவரே அழிச்சத ஒருவாட்டி பாத்துட்டேன்ல… நம்பிக்க இருக்குது."

உள்ளேயிருந்து அவன் அம்மா விருத்தாம்பாள் குரல் கொடுத்தாள்: "யாருப்பா வந்திருக்கிறது?"

அவன் ஜெயக்கொடியை நேராகப் பார்த்தான். மழையைத் தேக்கிய அதே கண்கள்… இம்முறை தளும்பின.

"நான் விரும்புற பொண்ணும்மா!"

"ஏங்க," என்றாள் ஜெயக்கொடி, செருப்பைக் கழற்றியபடி. "அத மொதல்ல என்கிட்ட சொல்லக்கூடாதா?"