பூட்டிய கதவுக்குக் குங்குமம்

குங்குமச் சிமிழில் மூன்று விரல்கள் பதிந்திருந்தன.

பதிந்ததில் தப்பில்லை. கொலுவுக்கு அழைக்க வரும் குழந்தை சிமிழை நீட்டினால், அந்த வீட்டுப் பெண்கள் விரலால் கொஞ்சம் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, அவசியம் வருகிறோம் என்று சொல்லி அனுப்புவதுதான் முறை. ஆனால் அம்மு இன்று சாயங்காலம் அழைக்கப்போனது எந்த வீட்டுக்கும் இல்லை. பின்சந்தில் பதினைந்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் சுக்குக் கிடங்குக்கு. ஸுப்ரியா சிமிழை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள். மூன்று கோடுகளும் பென்சிலைவிட மெல்லியவை. வெள்ளியின் அடி தெரியும்வரை இறங்கியிருந்தன. கேமராக்காரர் சிஜுவின் வேலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். சிஜுவின் விரல் ஒவ்வொன்றும் நேந்திரங்காய் பருமன். இந்தச் சிமிழுக்குள் ஒன்றைக்கூட நுழைத்திருக்க முடியாது.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி கொலுவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஸுப்ரியாவிடம் நீண்ட பதில் இருந்தது. கேட்காதவர்களுக்கும் இருந்தது. கணவர் சங்கர்ராமைக் கம்பெனி இரண்டரை வருஷம் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தது. அங்கிருந்து அவர் கொண்டுவந்தது முதுகுவலி. அவள் கொண்டுவந்தது கெல்டிக் மரபு. மட்டாஞ்சேரியில் அவர்கள் தெருவில் தசாவதாரமும் செட்டியார் கடையும் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் மத்தியில், இந்த வருஷம் அவள் ஒன்பது படியிலும் பிரிட்டிஷ் தீவுகளின் பருவத் திருநாள்களை இறக்கினாள். பிப்ரவரி மாதத்து இம்போல்க்குக்கு ஒரு படி, மே மாதத்துப் பெல்டேனுக்குச் சிவப்பு நூல் சுற்றிய கம்பமும் ஆடும் பெண்களும், லூனசாவுக்குக் கதிர்க்கட்டு, மேலே மண்மேட்டைத் திறந்துகொண்டு புறப்படும் தேவதைகளின் ஊர்வலம். பண்ருட்டிப் பொம்மைக்காரருக்கு வாட்ஸாப்பில் நாற்பது படம் அனுப்பினாள். அவரும் பாடுபட்டுத்தான் செய்திருந்தார். ஆனாலும் தேவதை ராணி கிளியைப் பறிகொடுத்த ஆண்டாளைப் போலத்தான் வந்து சேர்ந்தாள், முதுகில் இறக்கையோடு.

பிராமண சமூகம் நடத்திய கொலுப் போட்டியில் முதல் பரிசு லோகாம்பாள் மாமியின் வந்தே பாரத் கொலுவுக்குப் போனது. பேட்டரியில் ஓடுகிற ரயில். ஸுப்ரியாவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கிடைத்தது. ஹாட்பாக்ஸைத் திறக்காமலே பரணில் போட்டுவிட்டு, ஒரு யூடியூப் சேனலைப் பிடித்தாள். அவர்கள் ஹாலோவீன் ஸ்பெஷலுக்கு முப்பத்தொன்றாம் தேதிதான் வருவோம் என்றார்கள். ஆகவே விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை முடிக்கிற சம்பிரதாயம் இந்த வீட்டில் நடக்கவில்லை. ஒரு மாதமாக அத்தனை பொம்மைகளும் நின்றுகொண்டே இருந்தன, கண்ணைத் திறந்துகொண்டு.

இன்று கேமராவுக்கு முன்னால் அவள் பட்டுப்புடவையில் உட்கார்ந்து, ஹாலோவீன் என்று சொல்லக்கூடாது, சௌவின் என்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். தேவதைகள் என்றும் அங்கே சொல்ல மாட்டார்களாம். பயத்தில் ‘நல்லவர்கள்’ என்பார்களாம். அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் இந்த ராத்திரியில் மேடுகள் திறக்கும், கூப்பிட்ட இடத்துக்கு அவர்கள் வருவார்கள், கொடுத்ததைக் கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுப்பார்கள், அவர்கள் இருப்பிடத்துக்குப் போன குழந்தைகள் திரும்புவதில்லை, இரும்புக்கு மட்டும் அஞ்சுவார்கள். இவ்வளவையும் அவள் அப்பளம் பொரிக்கும் விதத்தைச் சொல்வதுபோல முகமலர்ச்சியோடு சொன்னாள். சிஜு, பேச்சு போதும் சேச்சி, ஒரு விஷுவல் வேணும் என்றார். அதற்குத்தான் அம்முவுக்கு இறக்கை கட்டி, சிமிழைக் கையில் கொடுத்து, மழைக்கறை படிந்த அந்தப் பழைய கிடங்குக் கதவின் முன் நிறுத்தினார்கள்.

“யாரைம்மா கூப்பிடணும்?” என்று அம்மு கேட்டாள்.

“யாரையாவது கூப்பிடு. கேமராவுக்குத்தானே.”

ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கதவைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தாள்: “எங்காத்துல கொலு வெச்சிருக்கோம். நீங்கள்லாம் அவத்தியம் வரணும்.” மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவதுதான் சரியாக வந்தது. சிஜு கேமராவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது சிமிழைக் காட்டி யார் தொட்டது என்று கேட்டபோது, அம்மு கூடத்துப் பாயில் உட்கார்ந்து இறக்கையின் ஜிகினாவைச் சுரண்டியபடி, கதவுக்கு அடியிலிருந்து கையை நீட்டின மாமி என்றாள். மாமியின் முகம் தெரியவில்லையாம். ஆனால் எல்லாரும் வருவதாகச் சொல்லச் சொன்னாளாம்.

வீட்டுவேலை செய்யும் அம்பிளி துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பள்ளுருத்திக்காரி. புருஷன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. சந்தடியில்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சேச்சி, தப்பா நினைக்கண்டா. மோளை நான் என் வீட்டுக்குக் கொண்டு போறேன். சார் வந்தப்பறம் வந்து கூட்டிக்கிட்டாப் போதும். மீன்குழம்பு ஒண்ணும் குடுக்க மாட்டேன், சத்தியமா.”

“பள்ளுருத்திக்கா?” என்றாள் ஸுப்ரியா. அந்த ஒரு சொல்லிலேயே ஓடை, கொசு, பொதுக்குழாய், எல்லாம் இருந்தது. “பட்டுப்பாவாடையோட அங்கே எங்கே போய் உக்காருவா? நீ பஸ்ஸைப் பிடி.”

அம்பிளி ஒருமுறை கொலுவைப் பார்த்தாள், ஒருமுறை குழந்தையைப் பார்த்தாள். போய்விட்டாள்.

திருப்பூணித்துறை ஆபீசிலிருந்து சங்கர்ராம் வர எட்டு ஆகும். மணி ஆறேகால். ஐப்பசியின் துலாமழை கிழக்கே மலைப்பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, ஒரு இடி இடித்தது; தெரு முழுக்க மின்சாரம் போனது. கூடத்தில் கொலுவிளக்கு மட்டும் எரிந்தது. அதன் வெளிச்சம் கீழ்ப்படிகளைத் தொட்டு, மேல்படிகளில் வெறும் இறக்கைகளின் நிழல்களை உத்தரம்வரை நீட்டியிருந்தது. மழைக்கு முன் இந்தத் தெருவில் எப்போதும் எழும் மிளகுத்தூசி வாசனையும் சாக்கு நாற்றமும் வந்தன. அவற்றுக்குப் பின்னால், மெதுவாக, வேறொன்றும் வந்தது. ஈரமண், பழைய இலை, நறுக்கி வைத்த ஆப்பிள். ஸ்காட்லாந்தில் இரண்டு இலையுதிர்காலம் மோந்த வாசனை அது. ஐப்பசி மட்டாஞ்சேரியில் அதற்கு இடமே இல்லை.

கேட் திறந்த சத்தம் கேட்கவில்லை. வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி, பிறகு ஒரு ஜோடி, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. தோலும் கல்லும் உரசுகிற நிதானமான சத்தம். லோகாம்பாள் மாமி கும்பலாக வந்திருக்கிறாளோ, கேலி பண்ணிவிட்டுப் போக. ஸுப்ரியா வாசலுக்குப் போய் மொபைல் டார்ச்சை அடித்தாள். படியில் செருப்பு ஒன்றும் இல்லை. படி மட்டும் முழுக்க நனைந்திருந்தது. மழை இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை.

திரும்பினாள். அம்மு பாயில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள், வந்தவர்களுக்கு இடம் விட்டு.

பாய் ஆங்காங்கே அழுந்தியிருந்தது. கோரை நெளிந்தது. யாரோ உட்கார்ந்தார்கள், யாரோ நகர்ந்து கொடுத்தார்கள். கொலு பார்க்கும் பெண்களுக்கே உரிய அந்தக் குசுகுசுப்பு தரையிலிருந்து எழுந்தது. சொல் எதுவும் பிடிபடவில்லை, தொனி மட்டும் பிடிபட்டது. இது என்ன, அது என்ன, இதற்கு ஏன் இறக்கை. பிறகு சிரிப்பு. காய்ந்த மிளகைத் தரையில் கொட்டினாற்போல மெல்லிய, சிதறுகிற சிரிப்பு. ஆண்டாளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்தப் பயத்திலும் ஸுப்ரியாவுக்கு மனசுக்குள் சுருக்கென்றது.

அம்முவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். இரும்பு. அவள் வாயாலேயே சொன்ன இரும்பு. தோசைக்கல்லைத் தேடினாள். போன தீபாவளிக்கு நான்-ஸ்டிக் வாங்கியபோது அதை அம்பிளியிடம் தள்ளிவிட்டாயிற்று. அரிவாள்மணை போன இடம் தெரியாது. கரண்டி ஸ்டீல், கத்தி பீங்கான். சுவரில் அழகுக்கு மாட்டியதெல்லாம் பித்தளை.

கூடத்தில் சிரிப்பு நின்றது.

விளக்குத் திரியின் சடசடப்பு. அம்முவின் மூச்சு. மழை விழ ஆரம்பித்தது, ஓட்டின் மேல், ஒரே சீராக. சமையலறை வாசற்படிக்கு வெளியே, இருட்டில், யாரோ வந்து நின்றார்கள். உயரமாக. நிலைப்படிக்கு மேலே தலை போய்விட்டிருந்தது. ஆப்பிள் வாசனை தொண்டைக்குள் இறங்கியது. ஒரு கை மட்டும் டார்ச் வெளிச்சத்துக்குள் வந்தது. மூன்று விரல்கள். உள்ளங்கையில் ஒரு சிமிழ், மண்ணாலோ மரப்பட்டையாலோ. அதில் ஏதோ சிவப்பு.

“எங்காத்துல கொலு வெச்சிருக்கோம். நீங்கள்லாம் அவத்தியம் வரணும்.”

அம்முவின் குரல். அம்முவின் பல்லில்லாத அதே ‘அவத்தியம்’. அவ்வளவு உயரத்திலிருந்து.

அம்மு வாயைத் திறக்கவே இல்லை.

ஸுப்ரியா அடுத்தவர் வீட்டுக் கொலுவுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. லோகாம்பாளின் ரயிலைப் பார்த்து ஆஹா என்று சொல்ல அவளால் முடியாது. யார் அழைத்தாலும் முகம் கோணாமல் சொல்லி அனுப்ப ஒரு பதில் வைத்திருந்தாள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்துத் தடவையாவது சொல்லி, யோசிக்காமலே நாக்கில் வந்து நிற்கும் பதில். பயத்தில் மூளை உறைந்தபோது நாக்கு மட்டும் வேலை செய்தது.

“எனக்கு ஒழியாது,” என்றாள். “அம்முவை அனுப்பறேன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

“இல்லை,” என்றாள். “இல்லை இல்லை.”

கை பின்வாங்கியது. வாசல் வெறுமையாயிற்று. அவள் பிடித்திருந்த விரல்கள், வியர்த்த சின்ன விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் போயின. சுண்டுவிரல் கடைசியில்.

மழைக்குள் ஓடினாள். பட்டு காலைச் சுற்றியது. பெயரைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். பின்சந்து. சுவர். கிடங்கு.

கதவு திறந்திருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

உள்ளே விளக்குகள். நூறு இருக்கும். எதிரே படிகள். ஒன்பது அல்ல, அவள் எண்ணி முடிக்கவில்லை. கூரைவரை போயின, கூரைக்கு மேலேயும் போயின. வெள்ளை விரித்திருந்தார்கள். விளிம்பில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

படிதோறும் குழந்தைகள்.

மேலே, வெளிச்சம் மங்கிய இடத்தில், லேஸ் கழுத்து வைத்த கவுன்கள். அதற்குக் கீழே தலையில் சின்னத் தொப்பிகள். குடுமிகள். பாவாடைகள். கைத்தறிச் சட்டை. பள்ளிக்கூட டை. எல்லாரும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் தூசி இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள். உதட்டில் சாயம். கண் திறந்திருந்தது. ஒன்றும் இமைக்கவில்லை. கீழ்ப்படியில் ஒரு பையனின் கன்னத்தில் ஈரக்கோடு ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

தரையில் விருந்தாளிகள். முதுகு மட்டும் தெரிந்தது. நீளமான முதுகுகள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். குசுகுசுத்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரசித்தார்கள்.

நாலாம் படியின் நடுவில் அம்மு. இறக்கையோடு.

ஸுப்ரியா கூப்பிட்டாள். விருந்தாளி ஒருத்தி, திரும்பிப் பார்க்காமலே, பாயில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

வீட்டுக்காரி படிக்கு முன்னால் நின்றாள். குனிந்தாள். மூன்று விரலால் அம்முவின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். முகவாயைப் பிடித்து லேசாக இடதுபக்கம் திருப்பினாள். இரண்டு அடி பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

திருப்தியில்லை போலிருக்கிறது. மறுபடி போய், இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.