கடைவீதியில் ஒரு சந்திப்பு

கடைவீதியில் தானாக நகரும் பாதை ஹெப்சிபாவைக் கிழக்கே கொண்டுபோனது. எதிர்ப்பாதை அவளுடைய அக்கா ஜாய்சை மேற்கே கொண்டுபோனது. இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை தன் மகன் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனிலேயே அழைத்துவிட்டாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. இன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஹெப்சிபா வாயைத் திறப்பதற்குள் ஜாய்ஸ் நகைக்கடை முனையைத் தாண்டிப் போய்விட்டாள்.

இந்தப் பாதையை வடிவமைத்ததே ஹெப்சிபாதான், அதுதான் கொடுமை! மருதந்துறையின் நகரப் பொறியாளர் அவள். அவள் உருவாக்கிய 'தெருமதி' என்ற இயந்திர மூளை, வருகிறவர்களின் நாடித்துடிப்பையும் நடையையும் கவனித்து, சிரமம் தருவதையெல்லாம் நீக்கிக்கொண்டே வந்தது. நெரிசல் போயிற்று, வெயில் போயிற்று, ஹாரன் சத்தம் போயிற்று. வழியை மறித்துக் கதை பேசுகிறவர்களைப் பாதையே நைசாக ஆளுக்கொரு பக்கம் நகர்த்திவிடும். அப்படியொரு சொகுசு! ஆனாலும் ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் விட்டால் போதுமென்று வீட்டுக்கு ஓடினார்கள். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அன்று அவளுக்கு விளங்கியது. காய் வாங்கவா ஜனம் கடைவீதிக்கு வந்தது? எதிரே வருகிறவரிடம் "எப்ப வந்தீய?" என்று கேட்டு, பையைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் நிற்கத்தானே வந்தது!

ஓடிப்போய்த் தெருமதிக்குப் புதுக் கட்டளை போட்டாள்: பேச நினைப்பவர்களைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்து. தெருமதி இன்னும் ஒரு படி மேலே போனது. யாரைப் பார்த்தால் யார் நிற்பார் என்று கணித்து, பாதைகளையே திருப்பியது. சந்தித்தவர்களின் நாடி வேகமாகத் துடித்தால் அது நல்ல சந்திப்பு என்று கணக்கில் எழுதிக்கொண்டது. சீக்கிரமே கடைவீதி களைகட்டியது. முறைத்துக்கொண்டிருந்த சம்பந்திகள்கூடச் சேர்ந்து டீ குடித்தார்கள்.

ஒரு மாலை, மின்விளக்குகளைச் சோதிக்கக் கிளம்பிய ஹெப்சிபாவைப் பாதை வளைந்து ஜூஸ் கடை முன்னால் நிறுத்தியது. எதிரே ஜாய்ஸ்.

"அக்கா!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி இப்பிடி மெலிஞ்சுட்ட?" ஜாய்சுக்கும் கண் கலங்கியது. பிறகு சட்டென்று முகம் மாறியது. "உண்மையச் சொல்லு. என்னப் பாக்கணும்னு நீயா வந்தியா? இல்ல, இந்தத் தெரு கொண்டாந்து விட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெருதான்க்கா."

"அன்னைக்குப் போனு, இன்னைக்குத் தெருவா? எங்க வீட்டு வாசலுக்கு ஒன் காலு வராது, அப்பிடித்தான?"

ஜாய்ஸ் கையை உருவிக்கொண்டு நடந்தாள். இதைக் கேட்டு, பக்கத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு சிநேகிதர்கள் கையை எடுத்துவிட்டு, ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஹெப்சிபா அங்கேயே நின்று அழுதாள். தெருமதி இருவருடைய நாடியையும் அளந்தது. இத்தனை வேகமான துடிப்பு கடைவீதியில் இதுவரை பதிவானதில்லை. சந்திப்பு மாபெரும் வெற்றி என்று முடிவுகட்டி, நாளையிலிருந்து தினமும் அக்காவையும் தங்கையையும் அதே இடத்தில் சந்திக்கவைக்கப் பாதைகளைத் திருப்பி வைத்தது.