யானைக்குக் குளியல்

எங்கள் வீட்டில் புத்திசாலி நான்தான். வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் புத்திசாலியான நான்தான் தம்பியின் யானையைக் குளிப்பாட்டினேன்.

அது அப்பா செய்த யானை. கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுவது அவர் வேலை. டம்ளர் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் போடும் மெத்தென்ற வெள்ளைத் துண்டுகளை ஒட்டி, யானையாக்கிக் கொடுத்தார். இடது காது மட்டும் சின்னது.

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தம்பி அந்த யானையோடுதான் தூங்குவான். அழுக்காகிவிட்டதே என்று வாளித் தண்ணீரில் முக்கினேன்.

முதலில் காது போனது. அப்புறம் தும்பிக்கை. நான் சோப்பை எடுத்துத் திரும்புவதற்குள் யானையே இல்லை. வாளியில் கஞ்சிபோல வெள்ளைத் தண்ணீர்.

‘காட்டுக்குப் போய்விட்டது’ என்று சொல்லலாமா? பள்ளியிலிருந்து வந்த தம்பியின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

“நான்தான்டா கரைச்சிட்டேன்.”

அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

“அதுக்கு வலிச்சுதா அக்கா?”

கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அவனைக் கிடங்குக்கு அழைத்துப்போனேன். அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒரு பை நிறையத் துண்டுகள் கொடுத்தார்.

“பிளாஸ்டிக்னு நெனச்சியா? மக்காச்சோள மாவும்மா! பொரி மாதிரி உப்ப வெச்சிருக்கு. தண்ணில போட்டா கரையத்தான் செய்யும்.”

“அப்பா எந்தப் பசையில ஒட்டினாரு மாமா?”

“பசையே வேணாம். ஈரத்துணில லேசாத் தொட்டு வெச்சா அதுவே ஒட்டிக்கும். உங்கப்பா ஈரத்தைக் கூட்டிக் கூட்டி மூணு யானையைக் கரைச்சாரு. நாலாவதுதான் தேறுச்சு.”

ஆக, நான் அப்பா பெண்தான்.

வீட்டில் இருவரும் உட்கார்ந்து ஒட்டினோம். இரண்டு யானை கரைந்து, மூன்றாவது நின்றது.

“இந்தக் காது சின்னதா இருக்கணும்க்கா.”

சின்னதாகவே வைத்தேன். அப்படியே அப்பாவின் யானை! என் கண் நிறைந்துவிட்டது.

தம்பி சட்டென்று யானையைத் தூக்கிக்கொண்டான்.

“அழறதுன்னா தள்ளி உக்காந்து அழுக்கா. இது கரைஞ்சிடும்.”

தள்ளி உட்கார்ந்தேன். அவன் நாற்காலிமேல் ஏறி, யானையை அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தான். பிறகு இறங்கி வந்து, அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதான்.