மீன் உன்மேல

மத்தியானத்திலிருந்து அந்த மீன் சமையல் மேடையில் கிடக்கிறது. ஓர் ஈகூட வந்து உட்காரவில்லை.

மப்ரூகா ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முற்றத்தில் நசுங்கிய தக்காளிமேல் ஈக்கள் கருகருவென்று அப்பியிருந்தன. பாஸ்பேட் ஆலைப் பக்கமிருந்து வரும் கூமுட்டை நாற்றம் திரைச்சீலையிலும் ரொட்டியிலும் அவள் தலைமுடியிலும் ஏறியிருந்தது. மீனில் மட்டும் மீன் வாசமே இல்லை. குனிந்து மோந்தாள். இரும்புச் சாவியை நாக்கில் வைத்ததுபோல ஒரு கசப்பு.

வாசல் நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்ட காய்ந்த மீன்வால் காற்றில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. டக். டக். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போனபோது, கண்ணுபட்டுத்தான் போயிற்று என்று ஊரே சொன்னது. கண்ணுக்கு மீன்தான் காவல்; கண்ணு படாமலிருக்க 'மீன் உன்மேல' என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். அதனால் இந்தப் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அவள் புருஷன் லமீன் வலையில் விழும் நல்ல மீனை விற்பதில்லை. பெரும்பங்கு அவளுக்குத்தான்.

எதிர்வீட்டு ஹனிய்யா சன்னலில் தலையை நீட்டினாள். "வயிறு எப்படி உருண்டு நிக்குது பாரு! மீன் உன்மேல, மீன் உன்மேல! என் கண்ணே பட்டுடும்."

"அக்கா, இந்த மீன்ல ஈ உக்காரவே இல்லக்கா."

"உன் சமையல் ஈக்கும் தெரிஞ்சுபோச்சு போல!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மத்தியானம் மீனைப் போட்டுவிட்டுப் போன லமீன் பொழுது சாயும்போது வந்தான். கத்தியையும் மீனையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"எங்க பிடிச்சே?"

"ஆலை வாய்க்கால் வந்து விழுற இடத்துல. வெள்ளையா சேறு கலங்குதே, அங்க. தொரத்தவே வேணாம்டி. கிறங்கிப்போய் மெதக்குது, கையாலயே அள்ளிட்டேன்."

செதில் சுரண்டும் சத்தம் நிதானமாக, சீராக, சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு சத்தம் மாறியது. அவள் திரும்பினாள். கத்தி அவன் கட்டை விரலுக்குள் இறங்கியிருந்தது. அவன் நிறுத்தவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அறுத்தான். வெள்ளைச் சதைமேல் ரத்தம் பரவியது.

"கை! உன் கை!"

"என்ன கை?" வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். "அட. கொஞ்ச நாளா மரத்துக் கெடக்கு. கடல் குளிர்தான்."

இது நடுக்கோடை.

அவன் தின்றதைத்தான் அவளும் தின்றாள். அவள் தின்றதைத்தான் பிள்ளையும். மப்ரூகா தன் விரல் நுனியைக் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள்.

யாருடைய விரலோ.

காற்று நின்றது. வாசலில் மீன்வால் அசையாமல் தொங்கியது.

டக். டக்.

சத்தம் நிற்கவில்லை. உள்ளேயிருந்து வந்தது. பிள்ளை உதைப்பது அவளுக்குத் தெரியும். இது உதை இல்லை. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். படகுப் பலகையில் போட்ட மீன் அடித்துக்கொள்வதுபோல.

"லமீன்... வயிறு..."

அவன் எழுந்து வந்து, ரத்தம் சொட்டும் கையை அவள் வயிற்றில் பதித்தான். கண்ணை மூடிக் கேட்பவன்போல நின்றான். முகம் மலர்ந்தது.

"ஒரு அசைவும் இல்ல. நல்லாத் தூங்குறான் என் சிங்கம்." குனிந்து வயிற்றோடு பேசினான். "மீன் உன்மேலடா."

அவன் உள்ளங்கைக்கு அடியில் துணி துள்ளியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.