எட்டாவது கிண்ணம்

காலையில் கழுவிக் கவிழ்த்த ஏழு கிண்ணங்களும் மதியம் பார்த்தால் நிமிர்ந்திருந்தன. ஏழிலும் பாதி குடித்த தண்ணீர்.

கடைக் காவல்காரக் கிழவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நாய், பூனையைக் கடையில் வைத்து விற்கக் கூடாதென்று சட்டம் வந்தபோதே, வேலையில்லாதவன் போட்ட சட்டம் என்றவர். போன மாதம் சோதனைக்கு ஆள் வந்ததும், முதலாளி சொன்னபடி விற்க வைத்திருந்த ஏழு நாய்க்குட்டிகளையும் பின்னறையில் தள்ளி, சத்தம் வராதபடி கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார்.

"உள்ள உயிரோட ஏதாவது இருக்கா பெரியவரே?" என்று கேட்டாள் அதிகாரியம்மா.

"ஒன்னுமில்லம்மா."

விசாரணை முடியட்டும் என்று கடைக்குச் சீல் வைத்துவிட்டாள். ஆறு நாள். எதிர் நடைபாதையில் படுத்திருந்த கிழவர் ஆறு நாளும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கடை போகும், கல்லாவுக்கடியில் விரிக்கிற பாயும் போகும். மனைவி போனபின் அவருக்கு வேறு கூரை ஏது? சீல் உடைத்த அன்று ஏழு குட்டிகளையும் அதே சாக்கில் கட்டிப் புதைத்தார்.

இன்று மறுசோதனை. முதலாளிக்குப் போன் போட்டார்.

"கிண்ணத்துல தண்ணி இருக்குங்க."

"நீங்களே ஊத்திட்டு மறந்திருப்பீங்க. குடிச்சதும் நீங்கதானோ என்னவோ! கொட்டிட்டு வேலையப் பாருங்க."

தண்ணீரைக் கொட்ட, கிண்ணங்களைத் தட்டில் ஏந்திப் பின்னறைக்குப் போய்த் தரையில் வரிசையாக வைத்தார். பினாயில் நெடிக்கு அடியில் இன்னும் போகாத பால்வாடை, கதவின் அடியில் சாண் உயரத்துக்கு எத்தனை தேய்த்தும் மறையாத நகக் கீறல்கள், மூலையில் குழாய் சொட்டுகிற சத்தம். சொட்டுகிற சத்தமில்லை. நக்குகிற சத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினார். அசையவில்லை. இடுக்கில், வெளிப்பக்கமிருந்து, சாக்கு. ஈர மண் ஒட்டிய சாக்கு.

கடைக்குள் செருப்புச் சத்தம். அதிகாரியம்மா. அப்பாடா.

"உள்ள உயிரோட ஏதாவது இருக்கா பெரியவரே?"

கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. குரல் வெளியே இருந்தது.

"ஒன்னுமில்லம்மா."

அவர் குரலேதான். கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஷட்டர் இறங்கியது. பூட்டு. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

இருட்டு. கணுக்காலில் ஈரமாக ஒரு நாக்கு. இன்னொன்று. குனிந்து தரையைத் தடவினார். கிண்ணங்கள். ஐந்து. ஆறு. ஏழு.

எட்டு.

எட்டாவதில் மட்டும் தண்ணீர் இல்லை.