புள்ளி முப்பது

“புள்ளி முப்பதா? அது புள்ளிமான் சுடுற துப்பாக்கிய்யா! நாங்க பெரிய மிளா மான் சுடப் போறோம்!”

மதுரைத் துப்பாக்கிக் கடையில் உக்கிரபாண்டியர் இப்படி முழங்கியதும் கடைக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அது தசமப் புள்ளி, குழலின் அளவைச் சொல்வது என்று இந்த ஜமீன் வாரிசுக்கு யார் புரியவைப்பது? பக்கத்திலிருந்த ‘டூ ட்வென்ட்டி’யை உக்கிரபாண்டியர் வாரிக்கொண்டார். முப்பதைவிட இருநூற்றிருபது பெரிதல்லவா! அதற்கும் முன்னால் ஒரு புள்ளி உண்டு, அதன் தோட்டா சிறிது, முயலுக்கும் நரிக்கும்தான் சரி என்பதையெல்லாம் கேட்டால் கௌரவம் என்னாவது?

அவர் தங்கை வெள்ளைத்தாய் புள்ளி முப்பதை வாங்கினாள். வருசநாட்டு மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு இடம் பார்க்கப் போன அவள் கணவன் ராசாங்கம் ஒரு வாரமாகத் திரும்பவில்லை. அவனைத் தேடித்தான் இந்தப் பயணம்.

அண்ணனும் தங்கையும் சுமையாட்கள் நால்வரும் காட்டுக்குள் நுழைந்தார்கள். முதல் ஆற்றிலேயே, “முழங்கால் தண்ணிதான், இறங்குங்கடா!” என்றார் உக்கிரபாண்டியர். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அரிசி மூட்டைகள் போயே போய்விட்டன!

மறுநாள் ஒரு பாறையடியில் ராசாங்கத்தின் துண்டு கிடைத்தது. ஆனால் சுமையாட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

“வயித்துக்கு இல்லாம இனி நடக்க முடியாது தாயி. திரும்பிருவோம்.”

திரும்பினால் ராசாங்கம் செத்தான். அந்த நேரத்தில், எதிர்ச் சரிவில் ஒரு கிழட்டு மிளா தலை தூக்கி நின்றது!

வெள்ளைத்தாய் குறி பார்த்தாள். குழலைத் தட்டிவிட்டார் அண்ணன்.

“மூத்தவன் நானிருக்க நீ சுடுவியா? தள்ளு!”

டுமீல்! தோட்டா தோள் எலும்பில் பட்டு உள்ளே இறங்காமல் சிதறியது. மிளா அலறிக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது.

“பட்டுருச்சு! பட்டுருச்சு!” என்று குதித்தார்.

“கொல்லவும் மாட்டே, கொல்லவும் விடமாட்டே! வெக்கமா இல்லையாண்ணே?” என்று சீறிவிட்டு அவள் ரத்தத் தடத்தில் ஓடினாள்.

பள்ளத்தின் அடியில், ஓடையோரம், மிளா கொம்பைத் தாழ்த்தித் திரும்பியது. பின்னால் வந்த வீரர் துப்பாக்கியை எறிந்துவிட்டு மரத்தில் தொற்றினார். வெள்ளைத்தாய் முழங்காலிட்டு, முன்னங்காலுக்குப் பின்னே குறி வைத்துச் சுட்டாள். ஒரே வெடி. மிளா சாய்ந்தது.

“யாரது? நான் இங்கிருக்கேன்!”

பாறை இடுக்கிலிருந்து ஈனக்குரல். ராசாங்கம்தான்! கால் முறிந்து, ஓடைத் தண்ணீரைக் குடித்தே உயிரை வைத்திருந்தான். அவள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அழுதாள்.

மிளாக்கறி தின்று தெம்பான ஆட்கள் அவனைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஊரே மேளத்தோடும் மாலையோடும் எதிர்கொண்டது. உக்கிரபாண்டியர் மாலையைத் தாமே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“என் தோட்டா அத உடனே கொன்னுருந்தா மாப்பிள்ளை கிடைச்சிருப்பாரா? வேணும்னேதான் அந்தத் துப்பாக்கிய எடுத்தேன்! மிளா வழி காட்டுச்சு!”

தொட்டிலில் கிடந்த ராசாங்கம் தலையைத் தூக்கினான்.

“மச்சான், அது விழுந்து எந்திரிச்சு வந்தத நான் பார்த்தேன். வழி காட்ட வரல. வலி தாங்காம வந்துச்சு.”

மேளம் நின்றது. உயிரை எடுக்கத் துணிகிறவன் அதற்கேற்ற தோட்டாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். உக்கிரபாண்டியர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார்.