இடுப்பில் இருந்த கொக்கி

குனிந்ததும் ஆய்வாளருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினாறு வயதில் மூட்டை சுமந்து வாங்கிய வலி. காக்கி போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியும் விட்டபாடில்லை. மூட்டை ஒன்றில் கையூன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

மதியம் 2.10. சர்க்கரைக் கிடங்கு. கூரைவரை மூட்டை அடுக்கிய அட்டியின் கீழே சுமைக்காரன் மல்லாந்து கிடந்தான். மேலே விழுந்த மூட்டைகளை எடுத்தாகிவிட்டது. உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. சட்டைப் பை கிழிந்து காலியாகத் தொங்கியது. முகத்தை ஆய்வாளர் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. தெரிந்த முகம்.

ஏட்டு உடலைப் புரட்டினார். பின்னிடுப்புக் கச்சையில் மூட்டை இழுக்கும் கொக்கி செருகியபடி இருந்தது. முனை சதையில் இறங்கியிருந்தது.

"பாரம் அமுக்கினதுல குத்தியிருக்கு சார்" என்று எழுதிக்கொண்டார் ஏட்டு.

அட்டியின் மேல்வரிசைகள்தான் சரிந்திருந்தன. கீழ்வரிசைகள் நூல் பிடித்ததுபோல அசையாமல் நின்றன.

கிடங்கு மேலாளர் கைகட்டி நின்றார். இஸ்திரி கலையாத சட்டை. கால்சட்டையின் இரண்டு முழங்காலிலும் சணல் தும்பு.

"என்ன நடந்துச்சு?"

"சாப்பிட்டதும் அட்டிக்கு அடியில படுத்துத் தூங்குவான் சார். சொன்னா கேக்க மாட்டான். சரிஞ்சிடுச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மேசையில. ஒரு மணியிலேருந்து எந்திரிக்கவே இல்ல. சத்தம் கேட்டதும் முதல்ல ஓடினது நான்தான்."

"மத்த ஆளுங்க?"

"சாப்பிடப் போயிட்டாங்க."

வாசலில் நின்ற நெட்டைச் சுமைக்காரன் மெல்லச் சொன்னான். "அவனும் எங்ககூடத்தான் கிளம்பினான் சார். ஒரு மூட்டை பிரிஞ்சிருக்கு, தச்சுட்டுப் போன்னு இவருதான் நிறுத்தினாரு."

3.05. கதவருகே சுமைக்காரனின் மனைவி வழிமறித்தாள். அழுது முடித்த கண்கள்.

"தூங்கினாருன்னா எழுதப்போறீங்க? அப்படி எழுதினா அவரு தப்புன்னு ஆயிடும் சார். நஷ்ட ஈடு கேட்டா முதலாளி கைய விரிச்சிடுவாரு. நானும் ரெண்டு பிள்ளைங்களும் எங்க போறது?"

ஆய்வாளர் திரும்பி மேலாளரின் மேசைக்குப் போனார்.

"மூட்டை தூக்கியிருக்கீங்களா?"

"நானா?" மேலாளர் சிரித்தார்.

"நான் தூக்கியிருக்கேன். எந்தச் சுமைக்காரனும் படுக்கறதுக்கு முன்னாடி கொக்கிய உருவிப் பக்கத்து மூட்டையில மாட்டுவான். ஒரு நாள் மறந்து படுத்தேன். தழும்பு இன்னும் இருக்கு. அவன் படுக்கல. நின்னு தச்சுக்கிட்டிருந்தான். தானா சரியற அட்டி அடியிலேருந்து சரியும். இது மேலேருந்து தள்ளினது. கூரைக்கும் மூட்டைக்கும் நடுவுல மண்டி போட்டுத்தான் போகணும். மேசையில உக்காந்தவருக்கு முழங்கால்ல எப்படிய்யா தும்பு ஒட்டும்?"

மேலாளர் முழங்காலைத் தட்டிவிடக்கூட இல்லை. தண்ணீர் குடித்தார்.

"சரி சார். நான் எதுக்கு அவனக் கொல்லணும்? என்மேல மனு கினு குடுத்திருக்கானா? உங்க பதிவேட்டுல இருக்கா?"



இரண்டு நாளுக்கு முன்பு அந்தச் சுமைக்காரன் நிலையத்துக்கு வந்திருந்தான். நாலாக மடித்த ஒரு தாள். விடுமுறை நாளில் மேலாளர் மூட்டைகளை வேறு வண்டியில் கடத்துகிறார் என்று எழுதியிருந்தது. மனுவைப் பதிவதற்கு முன் எதிராளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நிலையத்துப் பழக்கம். பாதி மனு அதிலேயே தீர்ந்துவிடும். ஆய்வாளர் அவன் எதிரிலேயே மேலாளருக்குப் போன் போட்டார். உங்கள் ஆள் ஒருவன் வந்திருக்கிறான், என்ன சங்கதி என்று கேட்டார். பிறகு தாளை அவனிடமே நீட்டினார். "நாளைக்கு வா, நம்பர் போட்டு ரசீது தர்றேன்." அவன் அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அவன் சட்டைப் பையில இருந்த தாள் எங்க?" என்றார் ஆய்வாளர்.

"எந்தத் தாள்? அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு கூண்டுல ஏறி நீங்கதான் சொல்லணும். யாரு எனக்குப் போன் போட்டாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

5.40. ஆய்வாளர் கிடங்கு வாசலில் குனிந்து உட்கார்ந்து விசாரணைத் தாளில் 'இறந்தவர் தூங்கவில்லை' என்று எழுதினார். அதுவரை கை ஓடியது. 'கொலைக்கான காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. ஏட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தூங்கலன்னு தெரிஞ்சுதா சார்?"

"தூங்கலம்மா."

"நேத்து ஸ்டேஷனுக்கு வந்தாரு. நீங்க வெளிய போயிட்டீங்களாம். இன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல போய் ரசீது வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு. அந்த நம்பர் இருந்தா காரணம் எழுதிடலாமாமே, ஏட்டு ஐயா சொன்னாரு. குடுங்க சார்."

ஆய்வாளர் நிமிரப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. அந்தச் சுமைக்காரனுக்கு அவர் ஒரு மனு ரசீது தர வேண்டும். இன்னும் தரவில்லை.